பழைய காருக்குள் புதிய முக்கோணம்

1978 இல் வந்த மஸ்டா ஆர்.எக்ஸ்-7 காரின் எஞ்சினைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, பிறகு வந்த ஆர்.எக்ஸ்-7 ஒன்றின் எஞ்சினை அதுக்குள் பூட்டுகிற ஆட்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, பியூர்ட்டோ ரிக்கோ எண்டு பட்டியல் நீளும். வெளியில இருந்து பார்த்தால் இது வெறும் வேக விசர். ஆனால் இந்தக் காரில் மட்டும் ஏன் இந்த மாற்றம் இவ்வளவு இயல்பாக நடக்கிறது எண்டு கேட்டுக்கொண்டு போனால், 1960களின் ஹிரோஷிமாவில் போய் நிற்போம்.

முதலில் எஞ்சின். சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். ரொட்டறியில் பிஸ்டனே இல்லை. எட்டு வடிவத்தை உப்ப வைத்தது போன்ற ஓர் அறைக்குள், பக்கங்கள் வளைந்த ஒரு முக்கோணம் சுழலும். முக்கோணம் ஒருமுறை சுற்ற, நடுத்தண்டு மூன்று முறை சுற்றும். பாகங்கள் குறைவு, பாரம் குறைவு, அதிர்வும் குறைவு. இதன் மூல யோசனை ஜேர்மனியரான ஃபெலிக்ஸ் வாங்கெலுடையது. என்.எஸ்.யூ நிறுவனத்தில் 1957 இல் முதல் மாதிரி ஓடியது.

அந்தக் காலத்தில் மஸ்டாவின் பெயர் டோயோ கோக்யோ. சின்னக் கொம்பனிகளைப் பெரியவற்றோடு இணைக்க ஜப்பானிய அரசு யோசித்துக்கொண்டிருந்தது. தனியாகத் தப்ப வேண்டுமென்றால் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று கையில் வேண்டும். தலைவர் சுனேஜி மட்சுடா என்.எஸ்.யூவிடம் உரிமம் வாங்கினார். 1963 இல் கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் 47 பொறியியலாளர்கள் இறங்கினார்கள். ஜப்பானியக் கதைகளில் வரும் 47 சாமுராய்களை நினைத்துத்தான் அவர்களுக்கும் அந்தப் பட்டம் வந்தது.

பிரச்சினை முக்கோணத்தின் முனையில் இருந்தது. முனையில் இருக்கிற சீல் அறைச் சுவரை உரசி, அலை அலையாகக் கீறியது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சாத்தானின் நகக் கீறல்'. அலுமினியம் ஊட்டிய கார்பனால் சீல் செய்து அதைத் தீர்த்தார்கள். 1967 மே மாதம் கொஸ்மோ ஸ்போர்ட் சந்தைக்கு வந்தது. அதே ஆண்டு வந்த என்.எஸ்.யூவின் ஆர்.ஓ 80 சீல் கோளாறுகளால் பெயர் கெட்டது. ஜெனரல் மோட்டர்ஸ், மெர்சிடிஸ், நிசான் எல்லாம் உரிமம் வாங்கிவிட்டுப் பின்வாங்கின. மஸ்டா விடவில்லை.

1973 இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. ரொட்டறி பெற்றோலைக் குடிக்கிற எஞ்சின். அமெரிக்காவில் விற்பனை சரிந்தது, கொம்பனியைக் காப்பாற்ற சுமிட்டோமோ வங்கி உள்ளே வரவேண்டியிருந்தது. புத்தியுள்ள கணக்காளர் யாராக இருந்தாலும் அங்கேயே இழுத்து மூடியிருப்பார். ஆனால் அவர்கள் எரிபொருள் சிக்கனத்தை 40 வீதம் கூட்டுகிற ஒரு திட்டத்துக்கு 'ஃபீனிக்ஸ்' எண்டு பெயர் வைத்துத் தொடர்ந்தார்கள். ஆர்.எக்ஸ்-7 இந்தப் பிடிவாதத்தின் பிள்ளை.

இப்போது எஞ்சின் மாற்றத்துக்கு வருவோம். கொஸ்மோவில் இருந்தது 10ஏ. முதல் ஆர்.எக்ஸ்-7 இல் 12ஏ. பிந்தியவற்றில் 13பி. மூன்றிலும் முக்கோணத்தின் அளவும், அது தண்டிலிருந்து விலகிச் சுற்றுகிற தூரமும் ஒன்றேதான். மாறியது தடிப்பு மட்டும்: 60, 70, 80 மில்லிமீற்றர். ஒவ்வொன்றிலும் இரண்டு முக்கோணங்கள். ஆக 12ஏ இருந்த இடத்தில் 13பி வைத்தால், முக்கோணத் தடிப்பால் கூடுகிற நீளம் 20 மில்லிமீற்றர்தான். பழைய எஞ்சினின் முன்மூடியைக் கழற்றிப் புதியதில் பூட்டி, பழைய தாங்கிகளிலேயே அதை உட்கார வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு எரிபொருள் பம்ப், வயரிங், ரேடியேட்டர், பிரேக் எண்டு வேலை நீளும். காசும் போகும். ஆனால் எலும்புக்கூடு பொருந்துகிறது.

இதில் இன்னொரு விசயம். 13பி 1973 இன் கடைசியிலேயே மஸ்டாவின் பெரிய கார்களுக்கு வந்துவிட்டது. அதாவது நாங்கள் 'புதிய எஞ்சின்' எண்டு சொல்வதன் பெயர், அந்தப் பழைய காரை விட மூத்தது! 1991 இல் இரட்டை டேர்போவோடு 255 குதிரைவலு தந்ததும், 2003 இல் ஆர்.எக்ஸ்-8 இல் புகைவாயில் பக்கச் சுவருக்கு மாறி வந்ததும் அதே 13பியின் வழித்தோன்றல்கள்தான்.

பழைய காரின் எஞ்சினை மாற்றுவது வரலாற்றை அழிப்பது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது சும்மா தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை. பழைய பொருள் ஒரு ஆவணம், அதில் ஒரு பக்கத்தைக் கிழித்தால் திரும்ப ஒட்ட ஏலாது. கொஸ்மோ ஸ்போர்ட் மொத்தமே ஆயிரத்துச் சொச்சம்தான் செய்யப்பட்டது. அதில் யாரும் கை வைத்தால் எனக்கும் கோபம் வரும்.

ஆனால் ஆர்.எக்ஸ்-7 எட்டு லட்சத்துக்கும் மேல் விற்ற கார். அதோடு, 1984 இல் மஸ்டாவே அமெரிக்கச் சந்தைக்கான முதல் தலைமுறைக் காருக்குள் 13பியைப் பூட்டி விற்றது. கராஜில் நடப்பது தொழிற்சாலை தொடங்கி வைத்த வேலையின் நீட்சிதான். முனை சீல் தேய்ந்து ஓடாமல் நிற்கிற ஒரு கார் எதற்கு ஆவணம்? ஓடுவதற்காக 47 பேர் பட்ட பாட்டை, ஓடுகிற கார்தானே சொல்லும்? கழற்றிய 12ஏயை எறியாமல் துடைத்து, எண்ணெய் பூசி, மூலையில் வைத்தால் இரண்டு தரப்புக்கும் நியாயம் கிடைக்கும்.

2012 இல் ஆர்.எக்ஸ்-8 நின்றது. 2023 இல் எம்.எக்ஸ்-30 காரில் ரொட்டறி திரும்ப வந்தது, சக்கரத்தைச் சுழற்ற இல்லை, மின்சாரம் உண்டாக்க. அந்த 8சி எஞ்சினில் ஒரே ஒரு முக்கோணம். அதன் அளவும் புதிது. கொஸ்மோவில் தொடங்கிய அந்தப் பழைய அளவு இனிமேல் தொழிற்சாலையின் புதுக் கார்களில் இல்லை. பழைய கார்களுக்குள் அதைப் பூட்டிக்கொண்டிருக்கிறவர்களின் கையில்தான் இருக்கிறது.