பெரியப்பா விற்ற ஆப்ஷனும் தம்பி மகன் கட்டிய ஊரும்

பாண்டிச்சேரிக்கு வந்துட்டுப் போன எல்லாருக்கும் பீச் ரோடு தெரியும், மணக்குள விநாயகர் கோயில் தெரியும். 'லா தெ லோரிஸ்தோன் வீதி'ன்னு கேட்டா முழிப்பாங்க. நானே வருஷக்கணக்கா அந்த வழியா போயிட்டு வந்திருக்கேன், அந்தப் பேர் யாருதுன்னு யோசிச்சதே இல்லை. யோசிக்க வெச்சது ஒரு பட்ஜெட்.

2025 பிப்ரவரி 1, சனிக்கிழமை. பட்ஜெட் நாள்ங்கிறதால அன்னைக்குப் பங்குச்சந்தை திறந்திருந்துச்சு. கூட வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர் முந்தின நாளே ஓதிட்டார். "அண்ணே, மேல போனாலும் காசு, கீழ போனாலும் காசு. ரெண்டு பக்கமும் ஆப்ஷன் வாங்கிப் போட்டுடுங்க." நிஃப்டியில ஒரு கால், ஒரு புட், ரெண்டும் சேர்த்துப் பதினெட்டாயிரம் சொச்சம். வீட்டுல சொல்லலை (இதைப் படிச்சாத்தான் தெரியும்!).

டிவி முன்னாடி உட்கார்ந்தேன். 12 லட்சம் வரைக்கும் வருமான வரி இல்லைன்னு நிதியமைச்சர் அறிவிச்சதும் வீட்டுல ஒரே சந்தோஷம். நிஃப்டி மட்டும் கண்டுக்கவே இல்லை. கொஞ்சம் ஏறிச்சு, கொஞ்சம் இறங்கிச்சு, கடைசியில 26 புள்ளி குறைஞ்சு 23,482-ல முடிஞ்சுது. நான் போட்ட காசுல பாதிகூட மிஞ்சலை.

ஆப்ஷன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி. மனை வாங்க அச்சாரம் கொடுக்கிறோம் இல்லையா, அது மாதிரி. குறிச்ச விலைக்குக் குறிச்ச தேதிக்குள்ள வாங்கிக்கிற உரிமை கால், விற்கிற உரிமை புட். வேண்டாம்னு விட்டா அச்சாரம் போச்சு. அந்த அச்சாரத்துக்குப் பேர்தான் பிரீமியம். பெரிய அறிவிப்பு எந்தத் தேதியில வருதுன்னு ஊருக்கே தெரிஞ்சா, எல்லாரும் உரிமை வாங்க ஓடுவாங்க, பிரீமியம் வீங்கும். அறிவிப்பு வெளிவந்ததும் 'என்ன ஆகுமோ'ங்கிற பயம் தீர்ந்துடும், வீக்கம் வடிஞ்சுடும். சந்தை பெருசா நகர்ந்தாத்தான் தப்பிக்கலாம். நான் தப்பிக்கலை.

அந்தக் கடுப்புல 'இந்தக் கண்றாவியை எவன் கண்டுபிடிச்சான்'னு தேட ஆரம்பிச்சேன். ரொம்பப் பழைய சமாச்சாரம், ஒருத்தர் தலையில கட்ட முடியாது. ஆனா தேடின வழியில ஜான் லா-ன்னு ஒரு ஆசாமி கிடைச்சார். அவரைத் தொட்டா நம்ம ஊர் வருது!

ஜான் லா ஸ்காட்லாந்துக்காரர். கணக்குல புலி, சூதாட்டத்துலயும் புலி. லண்டன்ல ஒரு சண்டையில ஒருத்தரைக் கொன்னுட்டுத் தப்பி ஓடினவர். கடன்ல மூழ்கிக் கிடந்த பிரான்சுக்குப் போய் 1716-ல பாங்க் ஆரம்பிச்சார், காகிதப் பணம் அச்சடிச்சார். 1717-ல அமெரிக்காவோட மிசிசிப்பி பிரதேசத்துக்காக ஒரு கம்பெனி. 1719-ல அதோட கிழக்கிந்தியக் கம்பெனியையும் சேர்த்துக்கிட்டார். அந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி கையிலதான் அப்போ பாண்டிச்சேரி இருந்துச்சு. ஆக, பாரிஸ்ல கேன்காம்ப்வாங்கிற சந்துல ஜனங்க அடிச்சுப் பிடிச்சு வாங்கின பங்குக்குள்ள நம்ம ஊரும் அடக்கம்.

இப்போ ஆப்ஷன் கதைக்கு வரேன். 1719-ல அந்தப் பங்கோட முகமதிப்பு 500 லிவ்ர் (பிரெஞ்சு நாணயம்), சந்தையில சுமார் 300-க்குத்தான் போச்சு. லா என்ன செஞ்சார்? 'ஆறு மாசம் கழிச்சு 200 பங்கை முழு 500-க்கே வாங்கிக்கிறேன்'னு சொல்லி 40,000 லிவ்ர் அச்சாரம் கட்டினார். வாங்கலைன்னா அது போச்சு. ஊர் வாயைப் பிளந்துச்சு. இவருக்கு ஏதோ தெரியும்போலன்னு எல்லாரும் வாங்கினாங்க. தெரியாம என்ன? கம்பெனிகளை இணைக்கிற அறிவிப்பை எழுதினவரே அவர்தானே!

1719 டிசம்பர்ல பங்கு 10,000-ஐத் தொட்டுச்சு. வருஷக் கடைசியில பங்குக்கு 200 லிவ்ர் லாபப்பங்குன்னு அறிவிச்சார். 1720 ஜனவரி 5-ந் தேதி நிதி மந்திரியே ஆனார். நாலே நாள்ல கம்பெனியே ஆப்ஷன் விற்க ஆரம்பிச்சுது. 1,000 லிவ்ர் கட்டினா, ஆறு மாசத்துக்குள்ள 10,000 விலைக்குப் பங்கு வாங்குற உரிமை. நிதி மந்திரியே ஆப்ஷன் கடை போட்டா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

இதுல ஒரு பாடம் இருக்கு. மே 21, 1720. பங்கு விலையையும் நோட்டு மதிப்பையும் படிப்படியா குறைக்கப் போறோம், டிசம்பர்ல பங்கு 9,000-லிருந்து 5,000 ஆகும்னு அரசாணை வந்துச்சு. எழுதினவருக்கு அதுல ஒவ்வொரு எழுத்தும் தெரியும். ஜனங்க அதை எப்படி எடுத்துப்பாங்கன்னு மட்டும் தெரியலை. ஒரே கலவரம். ஒரு வாரத்துக்குள்ள ஆணையை வாபஸ் வாங்கினாங்க, போன நம்பிக்கை திரும்பலை. டிசம்பர்ல லா நாட்டை விட்டே ஓடினார். 1729-ல வெனிஸ் நகரத்துல செத்தார்.

அறிவிப்பை எழுதினவனுக்கே அடுத்து என்ன நடக்கும்னு தெரியலை. டிவி பார்த்து ஆப்ஷன் வாங்கின நான் எம்மாத்திரம்?

சரி, வீதி யாரோடது? ஜான் லாவோட தம்பி வில்லியம். அவர் மகன் ழான் லா தெ லோரிஸ்தோன், பிறந்தது 1719 அக்டோபர், பெரியப்பாவோட பங்கு விண்ணுக்குப் பறந்துக்கிட்டிருந்த நேரம். பிற்பாடு அதே கம்பெனி வேலைக்கு இந்தியாவுக்கு வந்தார். 1761-ல ஆங்கிலேயர்கள் பாண்டிச்சேரியைப் பிடிச்சு, கோட்டை வீடுன்னு பார்க்காம இடிச்சுத் தரைமட்டமாக்கினாங்க. 1763 உடன்படிக்கைப்படி ஊர் திரும்பக் கிடைச்சுது. 1765-ல இடிபாட்டை வந்து ஏத்துக்கிட்ட கவர்னர் இவர்தான். 1777 வரைக்கும் இருந்து ஊரைத் திரும்ப எழுப்பினார். பெரியப்பா காகிதத்துல கட்டினது நாலஞ்சு வருஷத்துல சரிஞ்சுது. இவர் செங்கல் சுண்ணாம்புல எழுப்பின ஊர்லதான் நாம இன்னைக்கும் நடக்கிறோம்.

நம்ம நாட்டுல பங்கு ஆப்ஷனை 1956 சட்டம் தடை பண்ணியிருந்துச்சு. 1995-ல தடை நீங்கி, 2001 ஜூன் 4-ந் தேதி நிஃப்டி ஆப்ஷன் வந்துச்சு. 2024-ல செபி வெளியிட்ட ஆய்வைப் பாருங்க. 2022 முதல் 2024 வரை மூணு நிதியாண்டுல, பியூச்சர்ஸ் - ஆப்ஷன்ல இறங்கின தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல. அந்தக் கணக்கு முடிஞ்ச பிறகு போய்ச் சேர்ந்தவன் நான்.

அந்தத் தம்பி போன மாசம் வந்து, "அண்ணே, ரிசர்வ் பாங்க் வட்டி அறிவிப்பு வருது"ன்னார். வாங்க, டீ சாப்பிடலாம்னு லோரிஸ்தோன் வீதி வழியா நடத்திக் கூட்டிட்டுப் போய் இந்தக் கதையைச் சொன்னேன். டீ காசு அவர்தான் கொடுத்தார். அந்த ஆப்ஷன்ல எனக்கு வந்த ஒரே லாபம் அதுதான்.

டிஸ்கி: இது முதலீட்டு ஆலோசனை இல்லை. என் லட்சணத்தைத்தான் மேலே பார்த்தீங்களே. சரித்திரத்துல தப்பு இருந்தா பின்னூட்டத்துல குட்டுங்க, திருத்திக்கிறேன்.