புள்ளலூர்ப் போரும் ஓவியச் சாட்சிகளும்

காழியின் முன் சாட்சி சொல்ல வருபவனிடம் முதற்கண் கேட்கப்படுவது, "நீ நேரிற் கண்டாயா?" என்பதேயாகும். போர்க்களத்தைத் தீட்டிக் காட்டும் ஓவியங்களையும் அவ்வாறே விசாரித்தல் தகும்.

ஆங்கிலேயர் 1778-இல் நம் புதுச்சேரியையும், மறு ஆண்டு மாஹேயையும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பறித்துக்கொண்டனர். மாஹே துறைமுகத்தின் வழியாகவே ஹைதர் அலிக்குப் போர்த் தளவாடங்கள் வந்துகொண்டிருந்தன. சினங்கொண்ட ஹைதர் 1780-இல் கர்நாடகப் பகுதிக்குள் படையுடன் புகுந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 10-ஆம் நாள், ஹிஜ்ரி 1194 ரமலானில், காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை வளைக்கப்பட்டது. அப்படையினர் 4,000-க்குச் சற்றுக் குறைவானவர்கள். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன, படை அழிந்தது. காஞ்சியில் இருந்த மன்றோவின் உதவி உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. சிறைப்பட்ட பெய்லி 1782-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே இறந்தார்.

திப்பு சுல்தான் 1784-இல் எழுப்பிய தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவர் இவ்வெற்றியைக் காட்டுகிறது. செஞ்சட்டைப் படையின் நடுவே பல்லக்கில் அமர்ந்து பெய்லி விரலைக் கடிக்கிறார்; அருகே வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது.

ஆங்கிலேயரும் தம் மறுமொழியை ஓவியத்திலேயே தந்தனர். 1799 மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, சுல்தான் ஷஹீதானார். அடுத்த ஆண்டே கெர் போர்ட்டர் என்னும் இளைஞர், இந்திய மண்ணை மிதியாமலேயே, ஏறத்தாழ 120 அடி நீளச் சீலையில் அத்தாக்குதலை வரைந்து இலண்டனில் காட்சிக்கு வைத்தார். தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய டேவிட் பெயர்டு, புள்ளலூரில் பிடிபட்டு மூன்றாண்டுகளுக்கு மேல் சிறையிருந்தவர். அவர் மறைந்த பின், அவருடைய மனைவியின் விருப்பப்படி வில்கி என்பார் 1839-இல் ஓர் ஓவியத்தை முடித்தார். அதில் விளக்கொளியில் பெயர்டு நிமிர்ந்து நிற்கிறார். கீழே சுல்தானின் உடல் கிடக்கிறது. வில்கியும் இந்தியாவைக் கண்டவரல்லர்.

வென்றவர்கள் சுவர் ஓவியத்தை அழித்துவிடவில்லை என்பதும் கருதத்தக்கது. வெல்லெஸ்லி அம்மாளிகையிலேயே தங்கினார்; 1850-களில் டல்ஹவுசி அவ்வோவியத்தைப் புதுப்பிக்கச் செய்தார். எனவே இன்று நாம் காணும் சுல்தானின் சாட்சியம், பகைவர் கைபட்டுத் திருத்தப்பெற்ற சாட்சியமுமாகும்.

இவ்விரு தரப்புச் சாட்சிகளும் மறைப்பது ஒன்றுண்டு. பெய்லியின் படையில் பெரும்பாலோர் வெள்ளையரல்லர். சென்னைச் சீமையின் சிப்பாய்கள். கூலிக்காகச் செஞ்சட்டை அணிந்த அவர்களுள் கலிமா சொன்னவர்களும் இருந்தனர். ஹைதரின் குதிரைப்படை கடந்து சென்ற வழியில் தமிழகத்து ஊர்கள் எரிந்தன. மாளிகைச் சுவரிலும் சரி, இலண்டன் சீலையிலும் சரி, தலைவர்களையே நாம் பெயர் சொல்லி அடையாளம் காண்கிறோம். மாண்ட சிப்பாய்க்கும் வீடிழந்த உழவனுக்கும் அங்கே பெயரில்லை.

‘ஷஹாதத்’ என்னும் அரபுச் சொல் சாட்சியத்தையும் உயிர்த்தியாகத்தையும் ஒருங்கே குறிப்பது. சுல்தானின் தியாகத்தைப் போற்றும் நாம் சாட்சியத்தின் கடமையையும் மறத்தலாகாது. நம் பிள்ளைகளை அச்சுவரின் முன் நிறுத்தும்போது வெற்றியைச் சொல்வோம். அவ்வெற்றியின் விலையைக் கொடுத்தவர்களையும் சேர்த்தே சொல்வோம்.