ஒப்புதலுக்குப் பொறுப்பு யார்? கைபேசிச் செயலி விளம்பரமும் சாலை வணிகரும்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெரு திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசன் உருவாக்கியது. தமிழ் வணிகர்கள் தலைமுறைகளாகக் கடை நடத்திவரும் இடம். அங்குள்ள மளிகைக் கடைக்காரர் ஒருவர் சொந்தச் செயலி தொடங்கி, அதில் பிறர் விளம்பரங்களுக்கும் இடம் கொடுத்தால், வாடிக்கையாளரின் தரவுக்குப் பொறுப்பு யார்? முதற்பொறுப்பு கடைக்காரருடையதே என்பதும், நீண்ட தனியுரிமைக் கொள்கையைவிடத் தரவைக் குறைப்பதே அதை நிறைவேற்றும் வழி என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

செயலி திறந்தவுடன், பயனர் எதையும் அழுத்துமுன்பே, அதனுள் பதித்த விளம்பர மென்பொருள் தொகுப்பு (எஸ்.டி.கே.) இயங்கத் தொடங்குவதுண்டு. விளம்பர அடையாள எண், ஐ.பி. முகவரி, கருவியின் வகை, அனுமதி இருந்தால் இருப்பிடம் ஆகியவை விளம்பர இடத்துக்கான ஏலத்துக்குப் போகின்றன. ஏலத்தில் தோற்றவர்களிடமும் அந்தத் தரவு சேர்ந்துவிடுகிறது. பெயர் இல்லை என்பதால் இது தனிநபர் தரவு ஆகாது என்று வாதிட இடமில்லை. ஆளை அடையாளம் காண முடிந்தாலே தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் வழிவந்த 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. ஒப்பந்தத்தில் எப்படி எழுதியிருந்தாலும், தன் சார்பில் பிறர் கையாளும் தரவுக்கும் நோக்கத்தைத் தீர்மானிப்பவரே பொறுப்பு என்கிறது பிரிவு 8. விளம்பர நிறுவனத்துக்குத் தனிப் பொறுப்பு இருக்கலாம். அதனால் கடைக்காரரின் பொறுப்பு நீங்கிவிடாது. பிரிவு 6 தரும் எடுத்துக்காட்டும் தெளிவானது: தொலைமருத்துவச் செயலி தொடர்பு எண்களையும் கேட்டு, பயனர் சரி என்றாலும், சேவைக்குத் தேவையற்ற அந்தப் பகுதிக்கு ஒப்புதல் செல்லாது. அரிசி வாங்க அழுத்திய பொத்தான் விளம்பர ஏலத்துக்கு ஒப்புதலாகாது.

இந்தச் சட்டத்துக்கு முன்பே கேரளம் இப்பிரச்சினையைச் சந்தித்தது. கோவிட் தரவைக் கேரள அரசு ஸ்பிரிங்ளர் நிறுவனத்திடம் கொடுத்தது குறித்த வழக்கில் 2020 ஏப்ரல் 24 அன்று கேரள உயர் நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. அடையாளம் நீக்கிய பின்பே தரவைத் தர வேண்டும், மக்களின் ஒப்புதல் வேண்டும், நிறுவனம் அதை வணிக ஆதாயத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்றது. நெருக்கடியில் அரசுக்கே அந்த வரம்பு என்றால், வணிக விளம்பரம் அதைவிடத் தளர்வான அளவுகோலைக் கோர முடியாது.

சிறு வணிகருக்கு இது தாங்காத சுமை என்பர். சில வகையினருக்கு அறிவிப்புக் கடமை உள்ளிட்ட சிலவற்றிலிருந்து விலக்களிக்கப் பிரிவு 17(3) மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் அந்தப் பட்டியலில் ஒப்புதல் இல்லை. 18 வயதுக்குக் குறைந்தோரைக் குறிவைக்கும் விளம்பரத்துக்கான தடையும் அதில் இல்லை.

எனவே கடைக்காரர் செய்ய வேண்டியவை மூன்று. ஒப்புதலுக்கு முன் எஸ்.டி.கே. இயங்காதபடி செயலியை எழுதச் சொல்லுதல்; சட்டம் குறிப்பிடும் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளுள் தமிழிலும் மலையாளத்திலும் அறிவிப்பைத் தருதல்; ஒப்புதல் தந்த அதே எளிமையில் அதைத் திரும்பப் பெற வழிவைத்தல். வாங்குபவர் காணும் பொருளையொட்டியே விளம்பரம் காட்டினால், அவரைப் பின்தொடர வேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது.