டனீடின் ஆய்வும் அதன் பணிப்பாளர்களும்

நியூசிலாந்தின் டனீடின் நகரிலுள்ள குவீன் மேரி மகப்பேற்று வைத்தியசாலையிற் பிறந்த குழந்தைகளின் பிறப்பு நிலை பற்றிய விபரங்களைக் குழந்தை வைத்தியரான பற்றீசியா பக்ஃபீல்ட் பதிவு செய்து வந்தார். பின்னர் எழுந்த பேராய்வுக்கு அடித்தளம் அப்பதிவுகளே. அவர் பெயர் இன்னும் கூடுதலாக நினைக்கப்படத்தக்கது.

1972 ஏப்பிரல் முதல் 1973 மார்ச் வரை அங்கு பிறந்தோரை, மூன்று வயதில் மீண்டும் தேடியவர் உளவியலாளர் பில் சில்வா. 1037 பிள்ளைகள் சேர்க்கப்பட்டனர். பணம் அருமையாயிருந்த அக்காலத்தில் தொண்டர்களின் உழைப்பே பெருந்துணை. பதினைந்து வயது வரை ஈராண்டுக்கொருமுறை சோதனை நிகழ்ந்தது.

இத்தகைய ஆய்வுக்குப் பெரும்பகை ஆட்குறைவேயாகும். வறுமையும் நோயும் உற்றோரே முதலில் விலகுவாராயின், எஞ்சியோரைக் கொண்டு பெறும் முடிபு பிழைபடும். பதின்மூன்று வயதில் 850 பேரே சோதிக்கப்பட்டனர். ஆய்வு அன்றே தளர்ந்திருக்கலாம். ஆனால் பதினெட்டாம் வயதில் வந்தோர் 993 பேர்! இழந்தோரை மீட்ட இச்செயலே சில்வாவின் தலைமைக்குச் சான்று எனலாம்.

1985இல் நேர்காண்பவராகச் சேர்ந்த றிச்சி பூல்ற்றன் 2000இல் பணிப்பாளரானார். வெளிநாடுகளிற் குடியேறியோரும் ஆய்வின் செலவில் டனீடினுக்கு அழைக்கப்பட்டனர். அவர்கள் கூறியவற்றின் இரகசியம் பேணப்பட்டது. நாற்பத்தைந்தாம் வயதில், உயிருடனிருந்த 997 பேருள் 938 பேர் பங்குபற்றினர். 2023இல் பூல்ற்றன் மறைந்தபோது அன்றைய குழந்தைகள் ஐம்பதைத் தொட்டிருந்தனர். அவரையடுத்து மாவோரி இனத்தவரான மொவானா தியடோர் பொறுப்பேற்றார்.