காலேஜ் படிச்சுக்கிட்டே ராணுவ அதிகாரி ஆகலாம்... முதல் வருஷமே முடிவு பண்ணணும்!

திண்டுக்கல் பக்கம் 'பையன் ஆர்மியில சேரப்போறான்' என்று யாராவது சொன்னால், ஆள்சேர்ப்பு முகாமில் ஓடி, ஜவானாகச் சேர்வதுதான் முதலில் நம் நினைவுக்கு வரும். பட்டப்படிப்பை முடித்த கையோடு லெப்டினன்ட் ஆகவும் வழி இருக்கிறது என்பது பல வீடுகளுக்குத் தெரிவதில்லை. தெரியவரும்போது பிள்ளை மூன்றாம் ஆண்டில் இருப்பான். அப்போது ஒரு முக்கியமான கதவு மூடியிருக்கும். அந்தக் கதவுதான் என்.சி.சி.

'சி' சர்டிபிகேட் எதுக்கு?

1948-ல் தொடங்கப்பட்ட தேசிய மாணவர் படையில், கல்லூரி மாணவர்களுக்கு சீனியர் டிவிஷன், மாணவிகளுக்கு சீனியர் விங். திண்டுக்கல்லில் 14-வது தமிழ்நாடு பட்டாலியன் இயங்குகிறது. யூனிஃபார்ம், முகாமில் தங்குமிடம், சாப்பாடு எல்லாமே அரசு செலவு. வேடசந்தூர் மில்லுக்கு வேலைக்குப் போகும் அம்மாவோ, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அப்பாவோ கோச்சிங் சென்டருக்குப் பணம் புரட்டத் தேவையில்லை.

டிரில், துப்பாக்கிப் பயிற்சி, வரைபடம் படிப்பது என வகுப்புகள் போகும். வருகைப்பதிவும் முகாமும் கட்டாயம். 'பி' சான்றிதழ் வாங்கிவிட்டு, கடைசியில் 'சி' தேர்வு எழுத வேண்டும். நம்ம ஊரில் பலரும் இந்தச் சான்றிதழைப் போலீஸ் தேர்வில் கிடைக்கும் சிறப்பு மதிப்பெண்ணுக்காகவே வாங்குகிறார்கள். அதே சான்றிதழ் அதிகாரி ஆவதற்கும் பயன்படும்.

எழுத்துத் தேர்வு இல்லாத வழி

இதற்குப் பெயர் 'என்.சி.சி ஸ்பெஷல் என்ட்ரி'. ஆண், பெண் இருவரும் விண்ணப்பிக்கலாம். வயது 19 முதல் 25. திருமணமாகாதவராக இருக்க வேண்டும். ஏதாவது ஒரு பட்டப்படிப்பில் 50 சதவிகித மதிப்பெண், 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடு தேவை. இறுதியாண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு இருமுறை 'ஜாயின் இந்தியன் ஆர்மி' இணையதளத்தில் அறிவிப்பு வரும்.

எழுத்துத் தேர்வு கிடையாது. விண்ணப்பங்களை வடிகட்டி, நேராக எஸ்.எஸ்.பி நேர்காணலுக்கு அழைப்பார்கள். இடங்கள் குறைவு, போட்டி அதிகம். அதனால் அரியர் வைக்காமல் படிப்பது முக்கியம்.

என்.சி.சி-யில சேரலைன்னா?

கவலை வேண்டாம், சி.டி.எஸ் தேர்வு இருக்கிறது. யு.பி.எஸ்.சி ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. சென்னை ஓ.டி.ஏ-வுக்கு ஆங்கிலம், பொது அறிவு என இரண்டு தாள்கள். டேராடூன் ஐ.எம்.ஏ-வுக்குக் கூடுதலாகக் கணிதம். ஐ.எம்.ஏ-வுக்கான 100 இடங்களில் 13 இடங்கள் என்.சி.சி ராணுவப் பிரிவு 'சி' சான்றிதழ்காரர்களுக்கு. கட்டணம் 200 ரூபாய். பெண்களுக்கும் எஸ்.சி, எஸ்.டி பிரிவினருக்கும் கட்டணம் இல்லை. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்கள்.

ஒரு சிக்கல்: வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுதான்.

அந்த அஞ்சு நாள்

எந்த வழியில் போனாலும் எஸ்.எஸ்.பி-யைத் தாண்டியாக வேண்டும். தரைப்படைக்கு நமக்குப் பக்கத்தில் இருப்பது பெங்களூரு மையம். திண்டுக்கல் வழியாகப் போகும் தூத்துக்குடி - மைசூர் எக்ஸ்பிரஸில் ஏறினால் போதும். முதல்முறை போகிறவர்களுக்கு ரயில் கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள். டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

முதல் நாளே நுண்ணறிவுத் தேர்வும், ஒரு படத்தைப் பார்த்துக் கதை எழுதி, குழுவாக விவாதிக்கும் தேர்வும் நடக்கும். அதில் தேறாதவர்களை அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். மீதி நாட்களில் உளவியல் தேர்வு, மைதானத்தில் குழுப்பணி, நேர்காணல். கடைசி நாளில் எல்லா அதிகாரிகளும் கூடி முடிவெடுப்பார்கள். அடுத்து மருத்துவப் பரிசோதனை.

பத்துப் பேர் நடுவில் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை தெளிவாகப் பேச வேண்டும், அடுத்தவர் சொல்வதையும் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். ஒரே மாதத்தில் மனப்பாடம் செய்து இது வராது. முகாமில் பல ஊர் பிள்ளைகளோடு தங்கி, கம்பெனியை நடத்திப் பழகியவர்களுக்குக் கொஞ்சம் சுலபம்.

பரங்கிமலையில ஒரு வருஷம்

தேர்வானால் சென்னை பரங்கிமலையில் உள்ள ஓ.டி.ஏ-வில் 49 வாரப் பயிற்சி. 1963-ல் தொடங்கிய இந்த அகாடமியில், 1992 முதல் பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள். 'அமரன்' படத்தில் நாம் பார்த்த மேஜர் முகுந்த் வரதராஜன் பயிற்சி முடித்து, 2006-ல் அதிகாரியானதும் இங்கிருந்துதான். அவர் படித்தது பி.காம். சாதாரண டிகிரி எந்த வகையிலும் தடை கிடையாது.

பயிற்சிக் காலத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. முடித்ததும் லெப்டினன்ட். பணிக்காலம் 10 ஆண்டுகள், மேலும் 4 ஆண்டுகள் நீட்டிக்கலாம். நிரந்தரப் பணிக்கும் விண்ணப்பிக்கலாம்.

பெண் பிள்ளைகள் வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. பயிற்சி முடியும்வரை கல்யாணம் கூடாது என்பது விதி. 'டிகிரி முடிச்சதும் மாப்பிள்ளை பார்க்கலாம்' என்று நினைக்கும் பெற்றோருக்கு, இது இறுதியாண்டில் தெரிந்தால் வீட்டில் சண்டைதான் வரும்.

என்ன, எப்போ செய்யணும்?

முதலாண்டு: காலேஜ் திறந்த முதல் வாரமே என்.சி.சி பொறுப்பு ஆசிரியரைப் பாருங்கள். தினமும் ஓட ஆரம்பியுங்கள். இங்கிலீஷ் பேப்பர் படியுங்கள்.

இரண்டாமாண்டு: 'பி' தேர்வு, முகாம்கள். மேடையில் பேச வாய்ப்பு வந்தால் விடாதீர்கள்.

மூன்றாமாண்டு: 'சி' தேர்வு. ஸ்பெஷல் என்ட்ரி, சி.டி.எஸ் இரண்டுக்குமே விண்ணப்பியுங்கள்.

முதல் எஸ்.எஸ்.பி-யில் தேறாதவர்கள்தான் அதிகம். வயது இருக்கும்வரை மறுபடி போகலாம். அதிகாரி ஆகாவிட்டாலும் 'சி' சான்றிதழ் வீணாகாது. அக்னிவீர், போலீஸ் தேர்வுகளில் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால், மூன்றாம் ஆண்டில் போய்க் கேட்டால் எந்த ஆசிரியராலும் அதைத் தர முடியாது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இந்த வருஷம் யாராவது காலேஜில் சேர்ந்திருந்தால், இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.