தி பவரி பாய்ஸ் மீட் தி மான்ஸ்டர்ஸ்

1954இல் அலைட் ஆர்ட்டிஸ்ட்ஸ் வெளியிட்ட அமெரிக்க நகைச்சுவைப் படம். இயக்கம் எட்வர்ட் பெர்ன்ட்ஸ். 1946 முதல் 1958 வரை 48 படங்களாக நீண்ட பவரி பாய்ஸ் வரிசையைச் சேர்ந்தது. பேட்டைச் சிறுவர்கள் பேஸ்பால் ஆடக் காலிமனை கேட்டு, ஸ்லிப்பும் (லியோ கோர்சி) சாக்கும் (ஹன்ட்ஸ் ஹால்) கிரேவ்ஸெண்ட் குடும்பத்தின் மாளிகைக்குப் போகிறார்கள். அங்கே அண்ணன் தம்பி இருவரும் விஞ்ஞானிகள்: ஒருவருக்குக் கொரில்லாவுக்குப் பொருத்த மூளை வேண்டும், மற்றவருக்கு இயந்திர மனிதனுக்கு. வீட்டில் ஆளை விழுங்கும் மரமும் உண்டு. பெர்ன்ட்ஸும் இணைத் திரைக்கதையாளர் எல்வுட் உல்மனும் த்ரீ ஸ்டூஜஸ் குறும்படங்களில் தேர்ந்தவர்கள். அந்த அடிதடி வேகம் இதில் அப்படியே தெரிகிறது. மலிவான அரங்குகளை மறக்கச் செய்வது ஹாலின் முகபாவம்தான். மிட்டாய்க்கடை லூயியாக வருபவர் லியோவின் தந்தை பெர்னார்ட் கோர்சி.