முத்தா, கண்ணாடி மணியா?

மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கச் செயலாளர் மூன்று முறை போன் செய்துவிட்டார். "நீ வரலாறு படிச்சவன். உருப்படியா ஒண்ணு எழுது. ஹாஸ்டல் சாம்பாரைப் பத்தி ஏற்கெனவே நாலு பேரு எழுதிட்டாங்க" என்றார். ஆகவே சாம்பாரை விட்டுவிட்டு முத்தைப் பற்றி எழுதுகிறேன். இதற்கும் நம் கல்லூரிக்கும் ஒரு தொடர்பு உண்டு.

1974-ல் புகுமுக வகுப்பில் எனக்கு இடம் கிடைத்தது. அப்போது தேனி தனி மாவட்டம் ஆகவில்லை; எங்கள் குச்சனூரும் மதுரை மாவட்டம்தான். பீஸ் கட்டப் பணம் இல்லை. அம்மா (எங்கள் வீட்டில் ஆத்தா என்போம்) பெட்டியைத் திறந்து, தன் அப்பத்தா கொடுத்த முத்துச் சரத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். இருவரும் பஸ் ஏறிப் போய், பழைய நகை வாங்கும் ஒரு கடையில் நின்றோம். கடைக்காரர் சரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது கண்ணாடி மணி ஆத்தா. பாருங்க, மஞ்சளடிச்சுக் கிடக்கு. ஒண்ணுக்கொண்ணு ஒப்பாவும் இல்லை. இடையில கெடக்குற தங்கக் குண்டுக்கு மட்டும் போட்டுத் தர்றேன்" என்றார். ஆத்தா ஒன்றும் பேசவில்லை. அந்தப் பணத்தில்தான் நான் உங்களோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பின்னால் வரலாறு படிக்கப் படிக்க, அந்தக் கடைக்காரர் சொன்ன இரண்டு காரணங்களும் என்னைக் குடைந்துகொண்டே இருந்தன.

முத்து பாண்டிய நாட்டுப் பொருள். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழி நூல் கொற்கையின் முத்துக்குளிப்பைச் சொல்கிறது; தண்டனை பெற்ற கைதிகளை அந்த வேலையில் இறக்கினார்கள் என்றும் சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோவும் இந்தக் கடலின் முத்துக்குளிப்பை விரிவாக எழுதினார். பிறகு போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆட்சி கை மாறக் கை மாற, முத்து வருமானமும் கை மாறியது. பரவர் குலத்து மக்கள்தான் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுத்தார்கள். சிப்பியை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்தைத் துளை வைத்த பித்தளைச் சல்லடைகளில் அளவு வாரியாகப் பிரித்தார்கள். வடிவும் ஒளியும் குறையாதது ஆணிமுத்து. கடைசித் தரம் தூள். தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல்.

போலியின் வரலாறும் சின்னதல்ல. பதினேழாம் நூற்றாண்டில் பாரீஸில் ழாக்கன் என்ற ஜெபமாலை மணி செய்பவர், ஒருவகை ஆற்று மீனைக் கழுவிய தண்ணீரில் வெள்ளிப் பளபளப்பு மிதப்பதைக் கவனித்தார். அந்தச் செதில் சாந்தைக் கண்ணாடிக் குமிழின் உள்ளே பூசி, மெழுகை நிரப்பி முத்தாக விற்றார். பின்னாளில் கெட்டிக் கண்ணாடி மணியின் மேலேயே பூச்சு பூசினார்கள். அப்புறம் பிளாஸ்டிக் வந்தது.

இதற்கு நடுவே மூன்றாவது ஒன்றும் வந்தது. ஜப்பானில் மிக்கிமோட்டோ 1893-ல் சிப்பிக்குள் பொருள் வைத்து அரை முத்தை விளைவித்தார். உருண்டை முத்து விளைவிக்கும் முறையும் பிறகு கைகூடியது. 1920-களில் அவை ஐரோப்பியக் கடைகளுக்கு வந்தபோது பெரும் வழக்கே நடந்தது. இந்த வளர்ப்பு முத்து போலி அல்ல. சிப்பிதான் சுரக்கிறது, விதை மட்டும் மனிதன் வைப்பது. நம் தூத்துக்குடிக் கடலிலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973-ல் உருண்டை முத்தை விளைவித்துக் காட்டினார்கள். ஆத்தா சரத்தை விற்பதற்குச் சரியாக ஒரு வருஷம் முன்பு!

பழைய நகை வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். ஒரு முத்தை முன்பல்லின் ஓரத்தில் லேசாகத் தேய்த்தால் நறநறவென்று மணல் போலத் தெரிய வேண்டும், கண்ணாடி வழுக்கும். இது முத்தா இல்லையா என்பதை மட்டும் ஓரளவு சொல்லும். கடல் முத்தா, வளர்ப்பா என்று சொல்லாது. துளையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். போலி என்றால் பூச்சு அங்கேதான் உரியத் தொடங்கும், உள்ளே கண்ணாடி மின்னும். வளர்ப்பு முத்தில் மேல் அடுக்குக்கும் உள் மணிக்கும் இடையே சில சமயம் ஒரு கோடு தெரியும். பிளாஸ்டிக் கையில் கனக்காது. எல்லா மணியும் அச்சில் வார்த்தது போல் ஒன்றாக இருந்தால் சந்தேகப்படுங்கள். நெருப்பில் சுட்டுப் பார்ப்பது, வினிகரில் போடுவது எல்லாம் வேண்டாம். முத்து சுண்ணாம்புச் சத்து, நல்லதும் கெட்டுப் போகும். கடல் முத்தையும் வளர்ப்பு முத்தையும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல எக்ஸ்ரே வசதியுள்ள பரிசோதனைக் கூடம்தான் வழி.

இப்போது அந்தக் கடைக்காரரின் காரணங்களைப் பாருங்கள். மஞ்சளடித்திருந்தது: பழைய முத்து வியர்வையிலும் வயதிலும் மஞ்சளடிக்கும். ஒன்றுக்கொன்று ஒப்பில்லை: கடல் முத்து அப்படித்தான் இருக்கும். அவர் பொய் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

2003-ல் ஊர் வீட்டைப் பழுது பார்த்தபோது ஆத்தாவின் அஞ்சறைப் பெட்டியில், எப்போதோ சரத்திலிருந்து உதிர்ந்த ஒரு மணி கிடைத்தது. சென்னைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தேன். வெங்காயம் போல நடுவரை அடுக்கடுக்காக வளர்ந்த, விதை வைக்காத கடல் முத்து என்று எழுதிக் கொடுத்தார்கள்.

காகிதத்தோடு ஊருக்கு வந்தேன். ஆத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "என்னப்பா, கண்ணாடிதானே?" என்று கேட்டார். இருபத்தொன்பது வருஷமாக, 'போனா போகுது, கண்ணாடிதானே' என்று மனசை ஆற்றி வைத்திருந்தவர். நான், "ஆமா ஆத்தா, கண்ணாடிதான்" என்றேன்.

நம் கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடி மலைமேல் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சித்திரா பௌர்ணமிக்கு நம்மில் பலர் ஏறிப் போயிருக்கிறோம். யோசித்தால் அவள் கதையும் பழைய நகை விற்கப் போன கதைதான். ஒரு பொற்கொல்லனின் பொய்ச் சொல்லில் கோவலன் உயிர் போனது. பாண்டிமாதேவி சிலம்பின் பரல் முத்து. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று சபையில் உடைத்துக் காட்டியபோதுதான் உண்மை வெளிவந்தது. சான்று இல்லாமல் எதையும் எழுதாதே என்று நம் வரலாற்றுப் பேராசிரியர் சொல்வார். கையில் சான்று இருந்தும் நான் மறைத்தது அந்த ஒருமுறைதான். ஆத்தா 2009-ல் காலமானார். சரியா தப்பா என்று நண்பர்கள்தான் சொல்ல வேண்டும்.

அந்த முத்து இப்போதும் என்னிடம் இருக்கிறது. கூட்டத்துக்கு வரும்போது சட்டைப் பையில் கொண்டு வருகிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் கேளுங்கள். பல்லில் தேய்த்துப் பார்க்க மட்டும் அனுமதி இல்லை!